உங்கள் வீட்டு முகவரியை வைத்து நான் என்ன செய்வது?

நேற்று ராத்திரி தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும் வரை எங்கள் தொகுதி வேட்பாளர்களின் விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அமெரிக்க காங்கிரஸ், அதாவது அந்த ஊர் நாடாளுமன்றத் தேர்தல். நம்மூர்க் கட்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஏன் வருடா வருடம் ஏறுகிறது என்று பார்வையாளர் ஒருவர் கேட்டார். இருவருமே மழுப்பினார்கள். சரி, முடிந்த பிறகாவது மைக் முன்னால் ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தால், வெளியே வந்த வேட்பாளர்களில் ஒருவர் வாயைத் திறந்ததுமே "அவர் இந்த ஊர்க்காரரே இல்லை" என்றார். எதிராளி எப்போது வீடு வாங்கினார், அதற்கு முன் எங்கே இருந்தார் என்று விலாவாரியான விளக்கம் வேறு. தேர்தலா, பெண் பார்க்கும் படலமா?

கீழவைக்குப் போட்டியிட அரசியல் சாசனம் கேட்பது 25 வயது, 7 வருடக் குடியுரிமை, தேர்வாகும்போது அந்த மாநிலத்தில் வசிப்பது. அவ்வளவுதான். தொகுதிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

ஆனால் இந்தப் பாட்டு ஓய்வதில்லை. 2017இல் ஜார்ஜியாவின் 6ஆம் தொகுதி இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? இரு தரப்பும் வெளி அமைப்புகளுமாக 5 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் ஓசாஃப் அந்தத் தொகுதியில் வளர்ந்தவர்தான். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காதலிக்குக் கல்லூரி பக்கம் என்பதற்காக எல்லைக்குச் சற்று வெளியே குடியிருந்தார். தனக்கே ஓட்டுப் போட முடியாதவர் என்று எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் கேரன் ஹேண்டல் தரப்பு விடாமல் குத்தியது. ஹேண்டல் வளர்ந்ததோ மேரிலாந்தில்! அவர்தான் ஜெயித்தார். அடுத்த வருடமே அவரைத் தோற்கடித்த லூசி மெக்பாத்தையும் டென்னசிக்குப் போய்விட்டவர் என்று கிளறினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. 2021இல் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். மெக்பாத் 7ஆம் தொகுதிக்குப் போனார். 2023இல் மறுபடி வரைந்தார்கள். அவர் மறுபடி 6க்கு வந்தார். கோடு போடுகிறவர்கள் இஷ்டத்துக்குத் தொகுதியே ஊர் சுற்றுகிறது. இதில் யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி?

ஊர்ப்பற்று என்பதே வெட்டிப் பேச்சு என்று சொல்லவில்லை. 2022இல் பென்சில்வேனியாவில் மேலவையான செனட்டுக்கு நின்ற மெஹ்மத் ஓஸ் பல வருடம் நியூ ஜெர்சியில் வாழ்ந்தவர். எதிர்த்து நின்ற ஃபெட்டர்மேன் அதை வைத்து ஓட்டியதில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு என் பிரீமியத்தைக் குறைக்காது.

இதற்கெல்லாம் சரியான பதில் கொடுத்தவர் ஜான் மெக்கெய்ன்தான். 1982இல் அரிசோனாவில் முதல்முறை நின்றபோது இதே கேள்வி. கடற்படைக் குடும்பம், ஊர் ஊராக மாறியவர். யோசித்துப் பார்த்தால் நான் அதிக காலம் ஒரே இடத்தில் இருந்தது ஹனோயில்தான் என்றார். வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க்கைதியாகக் கிடந்தவரிடம் அதற்கு மேல் யார் கேட்பது?

இன்று காலை தபால் பெட்டியில் பளபளப்பான அட்டை ஒன்று. எதிராளியின் பழைய வீட்டின் படம், வரைபடம், அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். அதை இன்னும் பிரிக்கவில்லை.