மாடியில் உட்கார வைக்கப்பட்டவர்களின் சர்ச்

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஊரின் பழைய சர்ச்சுகளைக் காட்டும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். என் கமென்ட்டை நீக்கியதோடு விட்டிருந்தால் சும்மா இருந்திருப்பேன். “எல்லாத்துலயும் நிறத்தை இழுக்காதீங்க” என்று ஒரு பதிலும் போட்டார்கள் பாருங்கள், அதற்கப்புறம் முடியவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். பிரின்ஸ்டனின் பழைய பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) சர்ச்சுகள் என்று தலைப்பு வைத்துவிட்டு, கறுப்பின மக்கள் உண்டாக்கிய விதர்ஸ்பூன் தெரு சர்ச்சை ஏன் காட்டவில்லை? பல்கலைக்கழகத்தை ஒட்டி நிற்கும் வெள்ளைத் தூண் வைத்த நாசோ சர்ச்சைக் காட்டினீர்கள். போதகர்களைப் பயிற்றுவிக்கும் செமினரியின் மில்லர் சேப்பலைக் காட்டினீர்கள். கல்லறைக்குப் போய் ஜான் விதர்ஸ்பூன் சமாதி முன்னால் நின்று, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட போதகர் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதைச் சொல்லவில்லை. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சர்ச்சுக்கு உங்கள் கேமரா போகவே இல்லை.

“அது சின்னக் கட்டடம், பார்க்க என்ன இருக்கு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சின்னதுதான். ஏன் சின்னது என்று கேட்க வேண்டாமா? ஊரின் முதல் பிரஸ்பிட்டேரியன் சர்ச்சில் கறுப்பின மக்களுக்கு மாடியில்தான் இடம். 1835இல் அந்தச் சர்ச் எரிந்தது. மறு வருடம் இப்போதிருக்கும் நாசோ சர்ச் கட்டடம் எழுந்தது. ஆனால் இவர்கள் தனியாகவே ஆராதனை செய்துகொள்ளட்டும் என்று வெள்ளையர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டாக்கியது விதர்ஸ்பூன் தெரு சர்ச். 1840ஐ அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

உள்ளே பெட்ஸி ஸ்டாக்டன் நினைவாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, ஹவாய்க்கு மிஷனரியாகப் போய் சாதாரண மக்களுக்குப் பள்ளி நடத்தியவர். அப்புறம் பிரின்ஸ்டனுக்கு வந்து கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் சொன்னார். ஜன்னலை வைத்தது அவரிடம் படித்தவர்கள். இன்னொரு ஜன்னல் சாப்ரா ராப்சன் என்ற அடிமைப் பெண்ணின் நினைவாக. அவருடைய மகன் வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடி, படித்து, இதே சர்ச்சில் இருபது வருடத்துக்கு மேல் போதகராக இருந்தார். அவருடைய கடைசி மகன்தான் பாடகர் பால் ராப்சன், 1898இல் பிறந்தது இதே தெருவில். இதில் பார்க்க ஒன்றும் இல்லையா?

“இப்போ நாசோ சர்ச்காரங்களே பழசை ஒத்துக்கறாங்க, உங்களுக்கு என்ன?” என்றும் கேட்பார்கள். அவர்கள் ஒத்துக்கொள்வது நல்லதுதான், மதிக்கிறேன். நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எனக்கு என்ன என்றால், சொல்கிறேன். அப்பா இங்கே வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விதர்ஸ்பூன் தெரு சர்ச் ஆராதனைக்குக் கூட்டிப் போனேன். ஊர் சர்ச்சில் முப்பது வருடம் காணிக்கைக் கணக்கு எழுதியவர் அவர். மாடி விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “உங்க ஆச்சிக்குப் பக்கவாசல்தான்டா. திருவிருந்துக்குக் கடைசியாத்தான் போவா.” எனக்கு அது வரைக்கும் தெரியாது. நாற்பது வயதில், வேறொரு நாட்டில், யாரோ கட்டிய சர்ச்சில் உட்கார்ந்து என் ஆச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

நிறத்தை நான் இழுக்கவில்லை. மாடிப்படி ஏறச் சொன்னவர்கள் இழுத்தார்கள். பக்கவாசலைக் காட்டியவர்கள் இழுத்தார்கள். ஆராதனை முடிந்ததும் அங்கிருந்த ஒரு பாட்டி அப்பாவின் கையைப் பிடித்து, காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அப்பாவுக்கு அவர் பேசியது பாதி புரியவில்லை. கையை மட்டும் விடவே இல்லை.