மருந்தோடு சாப்பாட்டையும் கவனியுங்கள்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான இன்ஹேலர்களைப் பற்றி விரிவாகச் சொன்ன கட்டுரை, உணவை ஒரே வரியில் முடித்துவிட்டதில் எனக்கு வருத்தம். என் அப்பாவுக்கும் இந்த நோய்தான். நாலு வாய் சாப்பிட்டதும் கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார். கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்துவிட்டது. வயிறு நிரம்பினால், மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் இறங்க இடமில்லை. சாப்பிடாவிட்டாலோ அந்தத் தசையே இளைத்துப்போகும். மூச்சு விடுவதற்கே உடல் கூடுதல் கலோரி செலவழிக்கிறது என்று எங்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அப்புறம் ஓர் உணவியல் நிபுணர் சொல்லித்தான் மூன்று வேளையை ஆறாகப் பிரித்தோம், புரதத்தைக் கூட்டினோம், சாப்பிடும் முன் கொஞ்சம் ஓய்வு. எடை மெல்ல ஏறியது. நோயின் போக்கைக் கணிக்க 2004-இல் வந்த பிஓடிஇ (BODE) என்ற மதிப்பெண் குறியீட்டிலேயே பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையின் அளவு, 21-ஐத் தாண்டாவிட்டால் ஒரு புள்ளி கூடுகிறது; புள்ளி கூடினால் ஆபத்தும் கூடுதல் என்று பொருள். மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் எடையையும் பார்க்கச் சொல்லுங்கள்.