தோரின் தொப்பையில் என்ன ஜோக்?

2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பற்றிச் சின்னதாக ஒரு குறை சொல்லிவிடக் கூடாது, உடனே "சூப்பர்ஹீரோ படத்துல லாஜிக் பார்க்கலாமா" என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள். நான் எங்கே லாஜிக் கேட்டேன்? காலப் பயணத்தையே வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டவன்தானே! எனக்கு ஆறாதது இடிக்கடவுள் ஹீரோ தோர் விஷயம். அப்பா, அம்மா, தம்பி, நாடு எல்லாம் போய், கோடாரியைத் தலையில் போடாமல் வில்லன் தானோஸின் நெஞ்சில் போட்டதால்தான் பிரபஞ்சத்தில் பாதி உயிர்கள் அழிந்தன என்ற குற்ற உணர்ச்சியில் ஐந்து வருஷமாகக் குடித்து உருக்குலைந்து கிடக்கிறான் ஒருவன், அவனுடைய தொப்பையை வைத்துப் படம் முழுக்கச் சிரிப்பு மூட்டுகிறார்கள். "என் நரம்பில் என்ன ஓடுகிறது தெரியுமா" என்று அவன் கண்கலங்கிக் கேட்கும் இடத்தில்கூட சீஸ் என்று ஒரு கடி ஜோக். காலப் பயணத்தில் போய் அம்மாவைச் சந்திக்கும் காட்சி மட்டும் உருப்படி.

அப்புறம் நடாஷா, அதாவது பிளாக் விடோ. இறந்துபோன அயர்ன் மேன் டோனிக்கு ஏரிக்கரையில் எல்லாரும் கூடி இறுதி மரியாதை செய்கிறார்கள், சரி, நானும் அழுதேன். வோர்மிர் கிரகத்தில் உயிரை விட்டவளுக்கு? கூட இருந்தவர்கள் தண்ணீர் ஓரமாக நின்று கொஞ்சம் பேசியதோடு முடிந்தது.

கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் பழைய காலத்துக்குப் போய்க் குடித்தனம் நடத்தியது இதே காலக்கோட்டிலா, வேறு ஒன்றிலா என்று கேட்டால் இயக்குநர்கள் ஒன்று சொல்கிறார்கள், திரைக்கதை எழுதியவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். ஆனால் எனக்குத்தான் படம் புரியவில்லையாம்!