ஏப்ரல் மாசமே தீர்ப்பு எழுதிட்டவங்களுக்கு

சனிக்கிழமை பேஸ்பால் ஸ்டேடியத்துல, சரியா அடிக்காத ஆட்டக்காரனைப் பார்த்து நம்ம ஆளுங்க ஊளை விட, நான் அவனுக்காக வாதாடின கூத்தை வீடியோவா எல்லாரும் பார்த்துட்டீங்க. "வக்கீல் சார்"னு எனக்குப் பேரும் வெச்சாச்சு. சிரிச்சுட்டு விட்டுடலாம்னுதான் இருந்தேன். நேத்து குரூப்ல என் மூஞ்சியை ஸ்டிக்கராவே போட்டுட்டீங்க. இனிமே சும்மா இருக்க முடியாது.

சீசன் இப்பத்தான் ஆரம்பம், முடிஞ்சிருக்கிறது 15 ஆட்டம். சீசனுக்கு 162. டெஸ்ட் மேட்ச் கணக்குல, முதல் நாள் மதியச் சாப்பாடு முடிச்சு பேட்ஸ்மேன் இப்பத்தான் கிளவுஸ் மாட்டுறான். அதுக்குள்ள "இவன் கதை முடிஞ்சுது, வித்துடு"ன்னு ஊளை விட்டா எப்படி?

15 ஆட்டத்துல தினமும் ஆடுறவனுக்குச் சுமாரா 52 அட்-பேட், அதாவது மட்டை பிடிக்கிற முறை. அதுல 10 ஹிட் (அடிச்சுட்டு பத்திரமா பேஸ் சேர்றது) வந்தா சராசரி, அதாவது 10-ஐ 52-ஆல வகுத்தா, .192, ஊளை. 15 வந்தா .288, கைதட்டல். நடுவுல இருக்கிறது அஞ்சே அஞ்சு பந்து. நல்லா அடிச்ச அஞ்சும் ஷார்ட்ஸ்டாப்ங்கற ஃபீல்டர் கையிலயே போய் உட்கார்ந்தா அவன் என்ன பண்ணுவான்? குளிர் வேற. நாம ரெண்டு ஜாக்கெட் போட்டு ஹாட் சாக்லேட் கப்பை விடாம பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் குளிர்ல பந்து கைப்பிடி ஓரமா பட்டா உள்ளங்கையில தேள் கொட்டின மாதிரி இருக்கும். அடிச்ச பந்தும் ஜூலையில போற தூரம் போகாது.

2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? யாங்கீஸ் டீமோட ஆரோன் ஜட்ஜ் ஒரே ஆட்டத்துல நாலு தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட். யாங்கீஸ் ஸ்டேடியத்துல சொந்த ஜனமே கத்துச்சு. சீசன் முடிவுல 58 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), சராசரி .322, லீகோட சிறந்த ஆட்டக்காரர்ங்கற எம்விபி விருது. அதே மாசம், அதே நியூயார்க்ல, மெட்ஸ் டீமோட லிண்டோர் முதல் 31 அட்-பேட்ல ஒரே ஒரு ஹிட். அங்க ஜனம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அவர் 33 ஹோம் ரன், எம்விபி ஓட்டுல ரெண்டாவது.

உடனே ஒருத்தர், "கத்தினதாலதான் ஜட்ஜ் அடிச்சாரு"ன்னார். அப்ப லிண்டோர் எதனால அடிச்சார் சாமி?

"கோடி கோடியா வாங்குறான்ல?" வாங்குறான். 162 ஆட்டத்துக்கு.

"டிக்கெட் காசு கொடுத்தோம், கத்துவோம்." மன்னிக்கணும், நாலு டிக்கெட்டும் என் கார்டுல எடுத்தது.

"1988ல ஓரியோல்ஸ் டீம் முதல் 21 ஆட்டமும் தோத்து, கடைசியில 107 தோல்வியில போய் நின்னாங்களே?" சரி, நிஜம்தான். 2025ல பிரேவ்ஸ் டீமும் முதல் ஏழு ஆட்டமும் தோத்து எழுந்திருக்கவே இல்ல. ஆனா 1998 யாங்கீஸ் முதல் அஞ்சுல நாலு தோத்துட்டு 114 ஜெயிச்சு கோப்பையும் தூக்கினாங்களே, அதை ஏன் யாரும் சொல்றதில்ல?

நான் ஒண்ணும் ஞானி இல்ல. 2006ல டெட்ராய்ட் பக்கம் இருந்தேன். அந்த ஊர் டைகர்ஸ் டீமோட கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டத்துல 9 ஹோம் ரன். தெய்வமே வந்துட்டார்னு அவர் பேர் போட்ட சட்டையை வாங்கினேன், அப்ப என் நிலைமைக்கு அது பெரிய காசு. ஜூலை கடைசியில அவரைக் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு அனுப்பிட்டாங்க. சீசன் மொத்தமே 16. அந்தச் சட்டையிலதான் இப்பவும் கார் துடைக்கிறேன்.

அதே 2006ல இன்னொண்ணும் நடந்துச்சு. வேலைக்குச் சேர்ந்து மூணாவது வாரம். பிரிண்டர்ல என் தாளை எடுக்கப் போனா, மேல வேற ஒரு தாள். டீம் லீட் மேலதிகாரிக்கு எழுதின மெயில். என் பேர் போட்டு, போன்ல பேசுறது புரியல, ஆள் சரிப்பட மாட்டான், மாத்தி அனுப்பச் சொல்லலாம்னு இருந்துச்சு. மூணு வாரம்! அமெரிக்க உச்சரிப்பு காதுக்குப் பழகவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அந்தத் தாளைக் கவுத்து வெச்சுட்டு, என்னோடதைக்கூட எடுக்காம சீட்டுக்குத் திரும்பிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஒரு டப்பாவுல ரசம் சாதமும் அப்பளமும் எடுத்துட்டு வந்து, "ஆறு மாசம் பொறுடா, அப்புறம் அவனே உன்னைத் தேடி வருவான்"னு சொன்னவன் ஒருத்தன் உண்டு. சனிக்கிழமை என் பக்கத்து சீட்ல ஏறி நின்னு முதல் ஊளை விட்டது அவன்தான். வீடியோ எடுத்ததும் அவன்தான். ஸ்டிக்கர் யார் வேலைன்னு நான் கேக்கவே இல்ல.

டேய், அடுத்த வாரத்துக்கும் நாலு டிக்கெட் எடுத்திருக்கேன். வர்றதுன்னா வா. கத்தினா பார்க்கிங் காசு உன்னோடது.