பொன்னாடை சரி, எண்ணெய்க் குப்பி எங்கே?

போன ஞாயிறு நம் சபையை நடத்த ஐந்து புதிய மூப்பர்களுக்குப் பதவியேற்பு விழா எடுத்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் விருப்பக்குறியும் போட்டுவிட்டீர்கள். என்னை எழுத வைத்தது மாலையும் பொன்னாடையும் அல்ல. நோயாய்க் கிடக்கும் பாட்டியை யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று சபையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தம்பி கேட்டதற்கு வந்த பதில்தான். "வீடு சந்திப்பதெல்லாம் பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு. மூப்பர்களுக்கு நிர்வாகம் இருக்கிறது."

நிர்வாகமாம்! இனிப்பு நீர் நோயால் ஒரு காலை இழந்து, தெலுக் இந்தான் மருத்துவமனையிலிருந்து திரும்பி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் படுத்திருக்கிறார் அந்தப் பாட்டி. பால்மரம் வெட்டிய கையோடு சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டிக் கழுவியவர். புதிய மூப்பர்கள் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அங்கே போக வழி தெரியவில்லை.

யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக." பெண்கள் ஐக்கியத்தை என்று எழுதவில்லை. கட்டடக் குழுவை என்றும் எழுதவில்லை. மூப்பர்களை! எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டியவர்கள் அவர்கள். அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரம், பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு ஏழையைக் காலடியில் உட்காரச் சொல்லும் சபையைக் கண்டிக்கிறது. யாக்கோபு நம் சபைக்கு ஒருமுறை வந்து போயிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. எபேசு மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்த பவுல், தான் வீடுகள்தோறும் போய்ப் போதித்ததையும் தன் கைகளால் உழைத்ததையும்தான் அவர்களுக்கு நினைவுபடுத்தினார். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் ஆயர் பொலிகார்ப் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில், மூப்பர்கள் நோயாளிகள் எல்லோரையும் சந்திக்க வேண்டும், விதவையையும் அநாதையையும் ஏழையையும் அசட்டை செய்யக் கூடாது என்கிறார். பண ஆசைக்கு விலகி இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. அதை இப்போது கிளற வேண்டாம்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்துச் சபையின் மூப்பர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பிரசங்க நேரத்தில் தூங்கிவிடுவார். அவர் மனைவி முழங்கையால் இடித்து எழுப்புவார். அப்பா தோள் முறிந்து கிடந்த நாட்களில் அவர் சாயங்காலம் குளித்துவிட்டு வருவார். குளித்தாலும் அந்த ரப்பர் வாடை போகாது. ஜெபம் நான்கு வரிதான். பிறகு கொல்லைப்புறம் போய் விறகு பிளந்து அடுக்கி வைத்து, ஒரு கறுப்புக் கோப்பி குடித்துவிட்டுப் போவார். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டு, லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் தாமானாக, அதாவது வெவ்வேறு குடியிருப்புகளுக்கு, சிதறியபோது, யார் எங்கே குடிபோனார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர் அவர். அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

"அந்தக் காலம் வேறு, இப்போது எல்லோருக்கும் வேலை" என்பீர்கள். இருக்கட்டும். கட்டட நிதி விருந்துக்கு மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கிடைத்ததே, அது எப்படி?

அப்போஸ்தலர்களே பந்தி விசாரிக்க, அதாவது சாப்பாடு பகிர்வதைக் கவனிக்க, வேறு ஆட்களை நியமித்தார்களே என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் விதவைகள் விட்டுவிடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததால் வந்த ஏற்பாடு அது. முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர்கள் குழுவிலிருந்து நீக்கவில்லை. நீங்கள் அந்தத் தம்பியை நீக்கினீர்கள்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று மிரட்டுகிறவர்கள் 105-ஆம் சங்கீதத்தை மேலேயிருந்து வாசித்துப் பார்க்கட்டும். நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்தவர்களை ராஜாக்களிடமிருந்து கர்த்தர் காப்பாற்றிய கதை அது. நம் ஊரில் அந்த வசனம் யாருக்குப் பொருந்தும், ஐந்து நாற்காலிக்கா, லயத்துக்கா?

மத்தேயு 18-இன்படி தனியாகப் பேசியிருக்கலாமே என்கிறீர்களா? பேசினேன். "ஜெபியுங்கள் சகோதரி" என்றார்கள்.

ஜெபித்தோம், போகவும் செய்தோம். பெண்கள்தான் போனோம். புண்ணுக்குக் கட்டு மாற்றினோம், கஞ்சி வைத்தோம், பாடினோம். பாட்டி சந்தோஷப்பட்டார். பிறகு வாசலைப் பார்த்து, "ஐயாமார் யாரும் வரவில்லையா?" என்று கேட்டார். எங்களை யாரென்று நினைத்தாரோ! பாட்டியின் மேல் கோபமில்லை, அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறோம். ஆனால் வலித்தது. வீடு சந்திப்பது நாங்கள், நோயாளியைத் தொடுவது நாங்கள் என்றால், மூப்பர் வேலையில் மிச்சம் என்ன இருக்கிறது? நாற்காலிதானே? உடனே பெண் உபதேசிக்கக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். வாருங்கள். அப்படியே சபைத் தலைவர்களுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் 3-ஆம் அதிகாரத்தையும் கொண்டு வாருங்கள், வரிசையாக வாசித்து ஐந்து பேருக்கும் மதிப்பெண் போடலாம்.

ஆலயத்தைப் பட்டணத்துக் கடைவீட்டு மாடிக்கு மாற்றியபோது, வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று கேட்டதும் நான்தான். அப்போதும் எனக்கு எதிர்ப்பு மனப்பான்மை என்றீர்கள். குளிர்சாதனம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஒற்றைக் காலோடு பாட்டி அந்தப் படிகளில் ஏறி வரப் போவதில்லை. ஆகவே மூப்பர்களே, நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். பழைய ஆயாக் கொட்டகையை (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தை) தாண்டி இடது பக்கம் மூன்றாவது வீடு. நாய் குரைக்கும், கடிக்காது.