ஹெச்டிஎம்ஐ துளை எந்தச் சிப்புக்குச் சொந்தம்?

லினக்ஸ் இயங்குதளம் போட மடிக்கணினி தேடும் பாடு எதிரிக்கும் வரக்கூடாது. சென்ற சனிக்கிழமை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம், தமிழ் பேசும் அண்ணன் ஒருவரின் கடை உட்பட, கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆறு ஜிபி கிராபிக்ஸ் சார், எல்லா கேமும் ஓடும்." நான் கேட்டது கேமைப் பற்றி அல்ல, லினக்ஸில் அந்தக் கிராபிக்ஸ் சிப் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் சிப்புகளை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுடனேயே வந்துவிடுகிறது. ஏஎம்டியின் டிரைவரான ஏஎம்டிஜிபியு 2015இலேயே அதில் சேர்ந்துவிட்டது. என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை 2022இல் வெளியிட்டாலும், அவற்றின் மேல் இயங்க அது தரும், திரையில் படம் வரைவதற்கான ஓபன்ஜிஎல், வல்கன் பகுதிகளின் மூலநிரல் மூடியே இருக்கிறது. இதெல்லாம் படித்தால் தெரிந்துவிடும். தெரியாதது, செயலியோடு சேர்ந்த ஒன்று, தனிச் சிப்பாக ஒன்று என இரட்டைக் கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியில், வெளித்திரையை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ துளை எந்தச் சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். தனிச் சிப்போடு பிணைந்திருந்தால், வெளித்திரையைச் செருகிய கணமே அந்தச் சிப் விழித்துக்கொள்ளும், விசிறி இரையும், பேட்டரி கரையும். விவர அட்டையில் விசைப்பலகை விளக்கின் நிறம்கூட அச்சாகியிருக்கிறது, இது மட்டும் இல்லை. பென்டிரைவில் கொண்டுவந்த லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சீல் உடைச்சா வாங்கியாகணும் சார்" என்று அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.