செபமாலையும் புனித சாமிநாதரும்: ஒரு திருத்தம்

"1208-இல் மாதா புனித சாமிநாதர் கையில் இன்றைய செபமாலையை அப்படியே கொடுத்தார், இது வரலாற்றுப் பதிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்போடு மறுக்கிறேன். சாமிநாதர் நிறுவிய தொமினிக்கன் துறவற சபைக்கு அவருக்கு அடுத்துத் தலைவரான சாக்சனி ஜோர்டான், சாமிநாதரை நேரில் அறிந்து, சபையின் தொடக்கத்தைப் பற்றி எழுதியவர். அவர் நூலில் இந்தக் காட்சி இல்லை. இதைப் பரப்பியவர் அதே சபையின் மறையுரையாளர் ஆலன் தெ லா ரோஷ். அவர் இறந்தது 1475-இல், சாமிநாதருக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்து. செபமாலை வளர்ந்துதான் வந்திருக்கிறது. அதில் தியானிக்கும் நிகழ்வுகளில் ஒரு தொகுதியான ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தது 2002-இல்தானே!

இதனால் சபையின் மரியன்னை பக்தி குறைந்துவிடாது. ஜோர்டான் காலத்திலேயே இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இராச்செபம் முடிந்ததும் துறவியர் பாடகர் இருக்கைகளை விட்டு எழுந்து, மக்கள் நிற்கும் கோவில் பகுதிக்குப் பவனியாக வந்து, "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே" என்று நாம் சொல்லும் அதே செபத்தை லத்தீனில் பாடினார்கள். பகலெல்லாம் போதித்தவர்கள் இரவில் அவள் முன் நின்றார்கள். எனக்கு அந்தக் காட்சியே போதும். நானும் தினமும் செபமாலை சொல்கிறவன்தான். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு 1208 கதையைச் சொல்லுங்கள், ஆனால் மரபுக் கதை என்றே சொல்லுங்கள்.